நீல வாளி

கேட்டில் ஒட்டியிருந்த தாளில்
பெயர் அவருடையது.
வீட்டு எண் மட்டும் எங்களுடையது.

முதலில் பார்த்தது எதிர்வீட்டு மாக் ரோகயா.
"லெலோங்" என்றாள்,
விரலை மடக்கிக் காற்றில்
ஒரு சுத்தியலைத் தட்டிக் காட்டினாள்.
நான் அரிசிப் பையை இன்னும் கீழே வைக்கவில்லை.

பசை ஈரமாகத்தான் இருந்தது.
கிழிக்கலாம்.
கிழித்தால் எங்கள் பெயரும் அதில் ஏறிவிடும்போல் இருந்தது.

எஸ்டேட் லயத்தைக் காலிசெய்யச் சொன்னதும்
இப்படி ஒரு தாள்தான்.
அதில் எங்கள் பெயர் இருந்தது, சரியான எழுத்துகளில்.
அன்று பஹாவில் வீடு தேடி அலைந்தோம்.
இன்னாசிமுத்து ஒருவர்தான்
எத்தனை பிள்ளை, என்ன சம்பளம் என்று கேட்காமல்
சாவியைக் கையில் வைத்தார்.

மாதம் ஐந்நூற்றைம்பது வெள்ளி.
ஆறு வருஷம்.
கையுறை ஆலையில் மாவு படிந்த என் விரல்கள்
எண்ணிக் கொடுத்த நோட்டுகள்
பேங்குக்குப் போகும் வழியில்
எங்கே இறங்கிக்கொண்டன?

தெரியும். ஊரே சொல்லும்.
செம்பனைக் குலையோடு அவர் லோரி
ரொம்பின் சாலையில் கவிழ்ந்தது.
லோரிக்கு வாங்கிய கடன் கவிழவில்லை,
நிமிர்ந்தே நின்றது.

மில் ஷிப்ட் முடிந்து எண்ணெய் வாடையோடு
புருஷன் கணக்குப் போட்டார்,
கரண்டு பில்லின் பின்பக்கம்.
முன்பணம் இரண்டு மாதம்,
தண்ணீருக்கும் கரண்டுக்கும் அரை மாதம்.
"இனி வாடகை தராதே. கழிச்சிக்குவோம்."
கணக்கு சரி.
வந்து நிற்கிறவரிடம்
எந்த வாயால் சொல்வது என்பது மட்டும்
அந்த பில்லில் இல்லை.

ஐந்தாம் தேதி வந்தார்.
எப்போதும் ஹாரன் அடிக்கிறவர்
நாலு வீடு தள்ளி மோட்டாரை நிறுத்திவிட்டு
நடந்து வந்தார்.
ஒரு மனுஷன் தன் பெயரை
இவ்வளவு கவனமாய்ப் பார்க்காமல் இருக்க முடியும் என்று
அன்றுதான் கண்டேன்.

"வாடகைக்கு வரல" என்றார்.
"டெபாசிட்டும் எங்கிட்ட இல்ல, தங்கச்சி."
மைலோ கலக்கி வைத்தேன்.
ஆடை படியும்வரை குடிக்கவில்லை.
பிறகு,
"ஏணி இருக்கா?"

மூன்று வருஷமாய்ச் சொல்லிக்கொண்டிருந்தேன்,
பின்னறை ஜிங்க் ஒழுகுகிறதென்று.
அது ஒழுகல் இல்ல, வேர்வை என்பார்.
அடுத்த மாசம் என்பார்.
காத்து அடிச்சா எல்லா வீடும் அப்படித்தான் லா என்பார்.
அதற்கென்றே ஒரு நீல வாளி,
லோஷினியின் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில்.
அந்தச் சொட்டின் தாளத்தில் வாய்ப்பாடு படித்தே
நாலாம் வகுப்புக்கு வந்துவிட்டாள்.

மாக் ரோகயா வீட்டு ஏணியில்
அறுபது வயது ஏறியது.
கீழே பிடித்துக்கொண்டிருந்தது என் புருஷன்,
காலையில் திட்டிய அதே வாயை மூடிக்கொண்டு.
தார் வாடை. சுத்தியல்.
ஒவ்வோர் அடிக்கும்
காற்றில் மடங்கிய அந்த விரல் ஞாபகம் வந்தது.

ஏலத்துக்குப் பதினோரு நாள்.
நல்ல விலை போகட்டும் என்றா,
தராத டெபாசிட்டுக்கு ஈடாகவா,
சும்மா, கை சும்மா இருக்காமலா,
கேட்கவில்லை.
கேட்டிருந்தால் அவருக்கும் தெரிந்திருக்காது.

இறங்கியபோது முழங்காலில் பாசி.
கேட்டைச் சாத்தும்போது
தாளின் ஒரு மூலை பெயர்ந்து ஆடியது.
கட்டைவிரலால் அழுத்தி
ஒட்டிவிட்டுப் போனார்.

நேற்று சிரம்பானிலிருந்து ஒரு கார்.
புதுசாய்க் கல்யாணமான ஜோடி,
வேலிக்கு வெளியே நின்றபடி
எங்கள் ஜன்னல்களை எண்ணினார்கள்.
"கூரை ஒழுகுமா அக்கா?"
"ஒழுகாது" என்றேன்.
சொன்ன பிறகுதான்
அது உண்மை என்பது நினைவுக்கு வந்தது.

ராத்திரி மழை.
மூன்று பேரும் விழித்துக் கிடக்கிறோம்.
வாளியை யாரும் எடுக்கவில்லை,
இருந்த இடத்திலேயே இருக்கிறது, காலியாக.
இருட்டில் லோஷினி கேட்கிறாள்:
"அம்மா, சத்தமே வரலையே,
நம்ம வீட்டு மேல பெய்யலையா?"